மிஸியின் நாலுசில்லும் மண்ணெண்ணெய் மணமும்

மண்கும்பான் கடற்கரைக் கொட்டிலில் என்னுடைய ஸ்பானர்களை இப்போது பாவிக்கிற உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தேடவேண்டாம். அது நான் இருந்த காலத்திலேயே மணலுக்குள் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கினாலும் அதுவும் போகும். அந்தக் கடற்கரைக்குப் பத்தாம் நம்பரில் அப்படி என்ன ஆசையோ தெரியாது.

கொட்டில் கதவுக்கு மேலே என் படம் ஒன்று தொங்குகிறது அல்லவா? அதில் எனக்குப் பெரிய மீசை இருக்கிறது. போன கிழமை உங்களைப் பார்க்க வந்தபோது மீசை இல்லை. உங்களில் இளையவள் மட்டும்தான் அதைக் கவனித்து, "என்ன அண்ணை, மீசை எங்கை?" என்று கேட்டாள். முதலாளி பக்கத்தில் நின்றதால் நான் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். இப்போது சொல்கிறேன். இந்தத் தொழிலில் நான் படித்த பாடத்தில் பாதி அந்த மீசை போன அன்றைக்குத்தான் வந்தது.

காபரேற்றரை எப்படிக் கழுவுவது, செயினை எவ்வளவு தளர்வாக விடுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் போனில் படம் போட்டுக் காட்டுகிறார்கள், என்னைவிட வடிவாகவே காட்டுகிறார்கள். வண்டி நின்றுபோய், வண்டிக்காரர் பக்கத்தில் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதை எந்தப் படமும் காட்டாது. அதைப்பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். பிழைவிட்டுத்தான் தெரியும்.

நான் ஊர்காவற்துறையில் கடற்தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன். பாதி வாழ்நாள் வள்ளத்து எஞ்சின்களோடு போனது. கடலில் எங்களுக்கு எதிரி ஒன்றே ஒன்று, உப்பு. உப்புக்கு மருந்தும் ஒன்றே ஒன்று, கிறீஸ். எதைக் கண்டாலும் கிறீஸ் பூசுவோம். மண்கும்பானுக்கு நாலு சக்கரம் வைத்த இந்த நாலுசில்லு மோட்டார் சைக்கிள்கள் வந்து, முதலாளி என்னைக் கூப்பிட்டு வேலை தந்த முதல் நாள் நான் செய்த வேலையும் அதுதான். ஆறு வண்டிச் செயினுக்கும் பாணுக்குப் பட்டர் பூசுவதுபோலக் கிறீஸ் பூசினேன். கடலில் மணல் இல்லை, கடற்கரையில் மணல் இருக்கிறது என்ற சின்ன விஷயம் எனக்கு அப்போது தோன்றவில்லை. கிறீஸில் மணல் ஒட்டியது. இரண்டு கிழமையில் ஆறு செயினும் தங்கள் பல்லுச் சில்லுகளைத் தாங்களே அராவித் தின்றுவிட்டன. முதலாளி ஒரு செயினைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணை, இதுக்குக் கிறீஸ் பூசினீங்களோ, சீமெந்து பூசினீங்களோ?"

அவ்வளவுதான் கேட்டார். நல்ல மனுசன். கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் கண்ணைக் கேட்காமலே வேலை செய்யும் என்று அன்றைக்குப் படித்தேன். மூக்கும் அப்படித்தான் என்று படிக்க இன்னும் நாலு வருசம் எடுத்தது.

அந்த ஆறு வண்டிகளில் ஒன்று சிவப்பு. உங்களுக்குத் தெரியும், இவை சுமை இழுக்கிற வண்டிகள் இல்லை. ஒரு ஆள் மட்டும் இருந்து, மணல் மேட்டில் பாய்ந்து விழுகிற விளையாட்டு வண்டிகள். ஒருநாள் தமக்கை குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்த ஒரு பெண் அந்தச் சிவப்பு வண்டியை இரண்டுதரம் சுற்றிவந்து பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நெடுந்தீவில் குடும்பநல மாதுவாக வேலை செய்கிறவள். ஊரில் அவளை எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைத்தாச்சிகளை வீடுவீடாகப் போய்ப் பார்ப்பதுதான் அவள் வேலை. அவளுடைய ஸ்கூட்டர் மாரி மழையில் தரவை வெட்டைவெளிச் சேற்றுக்குள் புதைந்து தாண்டு தாண்டு, கடைசியில் துருப்பிடித்துப் போய்விட்டதாம்.

"அண்ணை, இது சேத்துக்குள்ளை போகுமோ?"

"மிஸி, இது பாயிற சாமான். பையைக் கட்டக்கூட இடமில்லை."

"பையை நான் முதுகிலை கட்டுவன். போகுமோ, போகாதோ?"

"போகும்."

பிரான்சில் இருக்கிற தமையன் அந்த வண்டியை அவளுக்கு வாங்கிக் கொடுத்தான். ஒரு பின்னேரத்தில் ஓட்டப் பழகிவிட்டாள். வெள்ளை உடுப்பும் தலைக்கவசமுமாக அவள் அந்தச் சிவப்பு வண்டியில் கல்மதில்களுக்கு நடுவே போகிறதைப் பார்த்து, நெடுந்தீவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் எழும்பி நின்று கும்பிட்டாராம். அம்மன் என்று நினைத்தாரோ, யமன் என்று நினைத்தாரோ தெரியாது.

ஒரு வருசம் வண்டி நன்றாக ஓடியது. அடுத்த மாரியில் மிஸி போன் எடுத்தாள்.

"அண்ணை, உது கொஞ்சத் தூரம் நல்லாத்தான் ஓடுது. சூடாகினவுடனை இருமத் தொடங்குது. மூண்டுதரம் தரவைக்கு நடுவிலை நிண்டிட்டுது. தள்ளிக்கொண்டு வந்தனான்."

"நாளைக்கு வாறன், மிஸி."

"இன்னொண்டு சொல்லவேணும். மேற்குப் பக்கத்திலை ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறாள். நான் போய் இறங்க முன்னமே மூக்கைப் பொத்துறாள். 'மிஸி, உங்கட நாலுசில்லு மண்ணெண்ணெய் மணக்குது, வயித்தைப் பிரட்டி எனக்குச் சத்தி வருகுது' எண்டுறாள்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் தீவுகளில் வள்ளத்து எஞ்சினைப் பெற்றோலில் எழுப்பி, எழும்பிய பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வலை மணக்கும், உடுத்த சாரம் மணக்கும், சில நேரம் சோறும் மணக்கும்.

"நெடுந்தீவிலை மண்ணெண்ணெய் மணக்காத சாமான் ஏதும் இருக்கோ, மிஸி? பிள்ளைத்தாச்சிக்குப் பூ மணந்தாலும் சத்திதான் வரும். அந்தப் பிள்ளையின்ரை மூக்குச் சரியெண்டால் நான் மீசையை வழிக்கிறன்."

சொன்ன சொல் அது. மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மிஸி மறக்கவில்லை.

அடுத்தநாள் காலைப் படகில் போய் இறங்கினேன். கிளினிக்குக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் வண்டி நின்றது. ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னபடியே கொஞ்சத் தூரம் ஓடி, இருமி, வெள்ளைப் புகை விட்டு நின்றது. பிளக்கைக் கழற்றினேன், கரி பிடித்து ஈரமாக இருந்தது. எஞ்சின் எண்ணெயை மாற்றுவோம் என்று பழையதை ஊற்றினால் தண்ணீர்போல ஓடியது. 'எண்ணெய் பழசு' என்று எனக்கு நானே சொன்னேன். பெற்றோல் தாங்கியைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்தேன். பெற்றோல் என்று மூக்கு சொன்னது. அந்த மூக்கு பிறந்த நாளிலிருந்து மண்ணெண்ணெயில் குளித்த மூக்கு. போதாததற்கு அன்று காலையிலிருந்து நான் கழற்றிய சாமான்களை எல்லாம் மண்ணெண்ணெய்ச் சட்டியில்தான் கழுவிக்கொண்டிருந்தேன். மிஸியின் மூக்கு கிளினிக் மருந்து மணத்துக்குப் பழகினது, அதுவும் உதவாது. ஆக, அந்தக் கொட்டிலில் இரண்டு பேருக்கு நாலு மூக்குத்துவாரம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

புகை விடுகிறது, எண்ணெய் தண்ணீராய்ப் போகிறது, இழுவை இல்லை. பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன். எஞ்சின் தலையைத் திறக்கவேண்டும். ஒரு எஞ்சினைத் திறப்பதென்றால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசத்தைச் சந்தேகப்படுங்கள். திறக்க ஆசைப்பட்டவனுக்கு எல்லாம் திறக்கவேண்டிய நோயாகத்தான் தெரியும்.

இரண்டாம் நாள் காலை வண்டியை உரித்தேன். மட்கார்ட், விளக்கு, சீற், தாங்கி, காபரேற்றர், சைலன்சர் எல்லாம் சாக்கில் வரிசையாகக் கிடந்தன. சைலன்சரை எடுக்க இடைஞ்சலாக இருந்ததால் பின் பிரேக் மிதியையும் தளர்த்திவிட்டேன். எஞ்சின் தலையின் நட்டுகளுக்கு ஸ்பானரை வைக்கும் நேரம் மிஸி தேத்தண்ணியோடு வந்தாள். குடித்துவிட்டுத் திறப்போம் என்று ஸ்பானரைக் கீழே வைத்தேன். அந்தத் தேத்தண்ணிக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பாதித் தேத்தண்ணி குடித்திருப்பேன். நெஞ்சுவரை சேறாக ஒருவன் சைக்கிளோடு வந்து விழுந்தான். முப்பது வயசு மதிக்கலாம், கடற்தொழில் செய்கிறவன்.

"மிஸி, அவளுக்கு நோ தொடங்கியிட்டுது!"

மூக்கைப் பொத்துகிற அந்தப் பிள்ளைத்தாச்சியின் புருசன்தான் அவன். அவளுக்குத் திகதி இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதனால்தான் அவளை இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரவில்லை.

"எத்தினை நிமிசத்துக்கு ஒருக்கா?"

"நான் வெளிக்கிடேக்கை ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா. போனுக்குச் சிக்னல் இல்லை மிஸி, பாதித்தூரம் சைக்கிளைத் தோளிலை தூக்கிக்கொண்டு வந்தனான். மாமி மட்டும்தான் அவளோடை நிக்கிறா."

மிஸியின் முகம் மாறியது. அந்தப் பெண் மூத்த பிள்ளையை இரண்டு மணித்தியாலத்தில் பெற்றவள், இரண்டாவது இன்னும் கெதியாக வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போகிற பாதை முழுக்கத் தரவை வெள்ளம். அம்புலன்ஸ் போகாது, மோட்டார் சைக்கிள் சேற்றில் தாண்டுவிடும். ஊர் ட்ரக்டர் இறங்குதுறைக்குச் சாமான் ஏற்றப் போய்விட்டது. ஆள் அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் அது திரும்பி வந்து அங்கே போய்ச்சேர ஒன்றரை மணித்தியாலமாவது செல்லும். நடந்தால் ஒன்றேகால் மணித்தியாலம். நாலுசில்லில் கால் மணித்தியாலம். நாலுசில்லு சாக்கில் கிடந்தது.

அவன் சாக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்ன அண்ணை, இதை அறுத்துப் போட்டிருக்கிறீங்கள்? என்ன வருத்தம் இதுக்கு?"

"ஓடி ஓடி நிண்டுபோகுது."

"எண்ணெய் முடிஞ்சு நிண்டிருக்காது" என்றான் அவன், அந்த அவசரத்திலும் கொஞ்சம் பெருமையாக. "மிஸி எங்கட வீட்டை வரேக்கை எல்லாம், அவ உள்ளுக்கை போனவுடனை நான்தான் ஒரு போத்தல் ஊத்திவிடுறனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"என்ன ஊத்தினனீர்?"

"மண்ணெண்ணெய்தான். பெற்றோலிலை எழும்பினாப் பிறகு மண்ணெண்ணெயிலை ஓடும்தானே? என்ரை எஞ்சின் அப்பிடித்தான் ஓடுது. மூத்தவனைப் பிறக்கவைச்சவ அவ. என்ன குடுத்தாலும் வாங்கமாட்டா. அதுதான் சொல்லாமல் ஊத்தினனான்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அது நான்தான். புகையும் தண்ணீராய்ப் போன எண்ணெயும் அந்த மண்ணெண்ணெய் செய்த வேலை. அந்தப் பெண் நோயின் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் சிரித்துவிட்டு எஞ்சினை அறுக்க வந்திருந்தேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அதற்கு நேரமில்லை. மிஸி பையை முதுகில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, அரை மணித்தியாலத்திலை இதை ஓடப்பண்ணுவீங்களெண்டால் நிக்கிறன். இல்லையெண்டால் இப்பவே நடக்கத் தொடங்கிறன். சரியாச் சொல்லுங்கோ."

இதுதான், பிள்ளைகளே, நான் சொல்லவந்த இடம். என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட மிகக் கஷ்டமான கேள்வி இதுதான். 'ஓம்' என்று சொல்ல நாக்குத் துடித்தது. பிழை என்னுடையது, அதை மறைக்க ஒரு 'ஓம்' வேண்டியிருந்தது. நான் 'ஓம்' என்று சொல்லி, அரை மணித்தியாலத்தில் வண்டி எழும்பாவிட்டால் அவள் நடக்கவேண்டிய அரை மணித்தியாலத்தை நான் தின்றவனாவேன். அங்கே ஒரு தாயும் பிள்ளையும் ஒரு மாமியின் கையை மட்டும் நம்பிக் கிடக்கும். 'ஏலாது' என்றால் என் தலை தப்பும், ஆனால் அவள் ஒன்றேகால் மணித்தியாலம் வெள்ளத்தில் நடப்பாள். பெருமைக்கும் பயத்துக்கும் பதில் சொல்லவிடாமல், சாக்கில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பூட்டுவது ஒரு பிரச்சினை இல்லை. தலை திறக்கவில்லை. புது எண்ணெய் நேற்றே விட்டாயிற்று. தெரியாதது ஒன்றே ஒன்று.

"நல்ல பெற்றோல் இரண்டு லீற்றர் கிடைச்சால் அரை மணித்தியாலம், மிஸி. கிடைக்காட்டில் நடவுங்கோ."

"பெற்றோல் நான் எடுத்துத் தாறன்" என்றான் புருசன். "பக்கத்து வீட்டிலை மோட்டார் சைக்கிள் நிக்குது."

"அந்தப் பெற்றோல் எப்பிடி வந்தது?"

"வள்ளத்திலைதான். பிளாஸ்ரிக் கானிலை."

"எந்தக் கானிலை?"

தீவில் ஒரு கானில் இன்றைக்குப் பெற்றோல் வரும், நாளைக்கு மண்ணெண்ணெய் வரும், கானுக்கு வித்தியாசம் தெரியாது. அக்கரையில் நிரப்பித் தன் தாங்கியிலேயே கொண்டுவந்த பெற்றோல்தான் வேண்டும் என்றேன். மிஸிதான் கண்டுபிடித்தாள். பக்கத்து வளவுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற சேர் திங்கட்கிழமைப் படகில்தான் மோட்டார் சைக்கிளோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். புருசன் மதிலால் பாய்ந்து ஓடினான். நான் அதற்கிடையில் தாங்கியைக் கவிழ்த்து ஊற்றி, காபரேற்றர்க் கிண்ணத்தைத் துடைத்து, பிளக்கை அரத்தாளால் தேய்த்து முடித்தேன். சேர் வெண்கட்டிக் கையோடு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் மதிலுக்கு மேலே ஒரு வகுப்பே எட்டிப் பார்த்தது.

போத்தலில் பெற்றோலை இறக்கியவுடன் நான் அதைச் சேரிடம் நீட்டினேன்.

"சேர், மணந்து பாருங்கோ."

"ஏன், நீங்கள் பாக்கேலாதோ?"

"என்ரை மூக்கை நான் நம்பிறதில்லை, சேர். இண்டையிலிருந்து."

அவர் மணந்தார். "சுத்தப் பெற்றோல்" என்றார். ஒரு கோப்பை பெற்றோலைத் தாங்கிக்குள் விட்டுக் குலுக்கி வெளியே ஊற்றினேன். மிச்சத்தை நிரப்பினேன்.

பிறகு பூட்டத் தொடங்கினேன். எதைப் பூட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் அவசர வேலை. கையை வேகமாக ஆட்டுவது இல்லை. மட்கார்ட்டை விட்டேன், சேறு அடிக்கும், அடிக்கட்டும். விளக்கை விட்டேன், பகல்தானே. சைலன்சரின் ஆணிகள் துருப்பிடித்துச் சண்டை பிடித்தன, அதையும் விட்டேன். தாங்கி, காபரேற்றர், பிளக், சீற் பூட்டியாயிற்று. புருசன், "எழுப்புங்கோ, எழுப்புங்கோ" என்று பக்கத்தில் நின்று குதித்தான். நான் பின் பிரேக் மிதியைப் பூட்டக் குனிந்தேன்.

"அண்ணை, உதை விடுங்கோ! அங்கை அவள் கத்திறாள்!"

"தெரியும், தம்பி."

"தெரிஞ்சுகொண்டோ பிரேக்கைத் திருகிறீங்கள்?"

"மிஸி போய்ச் சேரவேணும். போக மட்டும் காணாது."

நாலு நிமிசம் போனது. அந்த நாலு நிமிசமும் அவன் என்னைப் பேசிய பேச்சை நான் இங்கே எழுதவில்லை, உங்களில் ஒருத்தி பெண்பிள்ளை. அழகை விடலாம், சத்தத்தை விடலாம், பிரேக்கை விடக்கூடாது. இதை வேண்டுமென்றால் கொட்டில் சுவரில் எழுதி வையுங்கள்.

முதல்தரம் அழுத்தினேன், எழும்பவில்லை. இரண்டாம்தரமும் இல்லை. புனித சேவியர், முனியப்பர் என்று பேதம் பார்க்காமல் எல்லாரையும் கூப்பிட்டேன். மூன்றாம்தரம் சோக்கை இழுத்து அழுத்தினேன். சைலன்சர் இல்லாத எஞ்சின் போட்ட சத்தத்தில் மதிலுக்கு மேலே இருந்த வகுப்பு முழுக்கக் காணாமல் போனது. மிஸி கைமணிக்கூட்டைப் பார்த்தாள். "இருபத்தேழு" என்றாள். ஏறி இருந்தாள், போய்விட்டாள். புருசன் சைக்கிளோடு பின்னால் ஓடினான்.

நான் கொட்டில் வாசலில் நின்றேன். நெடுந்தீவு தட்டையான ஊர், மறைக்க ஒன்றுமில்லை, அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்டது. முதல் ஒருதரம் குறைந்தது. பிறகு திரும்ப எழும்பியது. ஒரு எஞ்சின் நின்றுபோவதற்கும் தூரமாகிப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, காது பழகினால் தெரியும். நிற்கிற சத்தம் முறிந்து விழும். போகிற சத்தம் மெல்ல மெல்லக் காற்றோடு போகும். அன்றைக்கு அது காற்றோடுதான் போனது. சேர் பக்கத்தில் நின்று, "போயிட்டுது, என்ன?" என்றார். "ஓம்" என்றேன். அழுகை வந்தது, அதை மறைக்க ஸ்பானர்களைப் பொறுக்கினேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு அதே சத்தம் மேற்கிலிருந்து திரும்பி வந்தது. வண்டியில் இருந்தது மிஸியா, சேற்றில் செய்த பொம்மையா என்று தெரியவில்லை. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பிளைப் பிள்ளை" என்றாள். "நான் போய்ப் பத்து நிமிசத்திலை. தொப்புள்கொடி கழுத்தைச் சுத்தியிருந்தது, அண்ணை. மாமிக்கு அதை எடுக்கத் தெரிஞ்சிராது. இப்ப ரண்டு பேரும் ட்ரக்டரிலை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திட்டினம். சுகமா இருக்கினம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். நாலு நிமிசம் பிரேக்கில் செலவழித்தவன் நான்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கல்மதில் மூலையிலை எங்கட தீவுக் காட்டுக் குதிரை ஒண்டு குறுக்கை வந்து நிண்டுது, அண்ணை. பிரேக் இல்லையெண்டால் நான் இப்ப குதிரையின்ரை வயித்துக்குள்ளை."

சத்தம் ஒருதரம் குறைந்தது அங்கேதான்.

நீங்கள் படிக்கவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டிக்காரர் சொல்வதைக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் சொல்வதையும் கேளுங்கள். தொழில் தெரியாதவர்கள் சொல்கிறதில் பாதி பிதற்றலாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் பாதி என்று சிரித்து முடித்த பிறகு தெரியாது. அதனால் சிரிக்கமுன் கேளுங்கள், கழற்றமுன் கேளுங்கள். அந்தப் புருசன்மேல் எனக்குக் கோபமே இல்லை. நன்றியை மண்ணெண்ணெயாக ஊற்றுகிற மனுசர் எங்கள் தீவுகளில்தான் இருப்பார்கள். உங்களுக்கும் ஒருநாள் வருவார்கள். அன்போடு யாராவது உங்கள் வண்டிக்கு ஏதாவது செய்தார்களா என்று வண்டிக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மிஸி முகம் கழுவிவிட்டு வந்தாள். துவாயால் துடைத்துக்கொண்டே, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலச் சொன்னாள்.

"நான் உள்ளுக்கை போகேக்கை அவள் நோவிலை துடிச்சுக்கொண்டு கிடந்தவள். என்னைக் கண்டவுடனை வழமைபோல மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கினாள். பிறகு கையை எடுத்திட்டு என்ன கேட்டவள் தெரியுமோ? 'மிஸி, வண்டி மாத்திட்டியளோ? இண்டைக்கு மணக்கேல்லை.'"

சொல்லிவிட்டு, கிளினிக் அலுமாரியைத் திறந்து ஒரு புதுச் சவர பிளேடும் சின்னக் கண்ணாடியும் எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள். வெளியே போய்த் தேத்தண்ணி வைத்தாள்.

சொன்ன சொல் சொன்ன சொல்தான். வழித்தேன். முடித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். மீசை போன முகத்தில் மூக்கு மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது.